செல்லக்கனியின் முன் அனுபவம்

பொண்டாட்டியை வேலைக்கு அனுப்புவதில்லை என்று தவசிமுத்து உறுதியாக முடிவெடுத்தபோது, அவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

ராஜபாளையத்தில் அவர் கிளார்க்காக இருந்த மில்லை எண்பத்தேழு பொங்கலோடு பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் உட்கார்ந்து, கம்பெனி கம்பெனியாக இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினார். மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் மூன்று பக்கம். அதில் முதல் பக்கம் முழுக்கக் கும்பிடு. இதுவரை ஒருத்தரும் பதில் கும்பிடு போடவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செல்லக்கனி ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவுக்குப் பெண் சூப்பர்வைசர் வேண்டுமாம். கைப்பட எழுதிய கடிதத்துடன் விண்ணப்பிக்க வேண்டுமாம்.

"நீங்கதான் எழுதித் தரணும்."

"ஊர்ல என்னட்டி பேசுவாக? பொண்டாட்டி சம்பாத்தியத்துல திங்கான்னு சொல்ல மாட்டாகளா?"

"இப்ப மட்டும் என்ன சொல்லுதாக? மச்சினன் அனுப்புற அரிசியில திங்கான்னுதான சொல்லுதாக."

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. மறுத்தால் சண்டை. எழுதிக்கொடுத்தால் மானம் போகும். செத்த நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். யோசனை பிறந்தது. செல்லக்கனி பத்தாவது பாஸ்தான்; ஆனால் இங்கிலீஷில் கையெழுத்தோடு சரி.

அவள் பெயரில் இங்கிலீஷில் எழுதினார். 'எனக்குக் கணக்கு வராது. கோபம் உடனே வரும். தலைவலி அடிக்கடி வரும். வேலைக்கு வருவதுதான் சந்தேகம். எப்படியாவது வேலை தந்தருள வேண்டுகிறேன்.'

"என்ன எழுதிருக்கீக?"

"நீ கெட்டிக்காரி, பொறுமைசாலி, நேரம் தவறாதவன்னு எழுதிருக்கேன்."

செல்லக்கனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டுமா?"

"இம்புட்டும்தான். கையெழுத்தப் போட்டுத் தபால்ல சேத்துரு."

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கணவருடன் நேரில் வரவும் என்று இருந்தது. பொம்பளையைத் தனியாகத் திட்டினால் நன்றாயிருக்காது என்றுதான் ஆண்துணையைக் கூப்பிடுகிறார்கள் என்று தவசிமுத்து நினைத்துக்கொண்டார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். "கெடைக்கலன்னா வருத்தப்படாத."

மேனேஜர் மேசையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று அவர் எழுதியது. இன்னொன்று தமிழில், செல்லக்கனியின் குண்டுகுண்டுக் கையெழுத்தில். மேனேஜர் அதைச் சத்தமாகவே படித்தார்.

"'ஐயா, நான் பத்தாம் வகுப்பு பாஸ். தையல் தெரியும். தினமும் எட்டு மணி பஸ்ஸில் வந்துவிடுவேன். இத்துடன் இருப்பது என் கணவர் என் பெயரில் எழுதிய கடிதம். பக்கத்து வீட்டு ஜெய்னப் டீச்சர் அர்த்தம் சொன்னார்கள். இதை எழுதியவரோடு ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வேறு முன் அனுபவம் இல்லை.'"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க பேக்கிங்ல முப்பது பேரும்மா. ஆளுக்கொரு தினுசு. உங்க அனுபவம் போதும். திங்கக்கெழம சேர்ந்துருங்க. சார எதுக்குக் கூப்புட்டேன்னா, சும்மா பாக்கணும்போல இருந்துச்சு."

பியூனும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் தவசிமுத்து பல்லைக் கடித்தார். "டீச்சர்ட்ட ஏன்ட்டி கொண்டுபோன? எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிருப்பேன். ஒம்பது வருசத்துல ஒரு நல்ல வார்த்த சொல்லிருந்தீகன்னா நம்பிருப்பேன். ஒரேநாள்ல மூணு சொன்னா யாருக்குத்தான் பயம் வராது?"

அவர் எழுதிய நாற்பத்தொரு விண்ணப்பங்களும் மனதில் வரிசையாக வந்து போயின. இவள் ஏழு வரியில், அதுவும் தமிழில் எழுதி, வேலை வாங்கிவிட்டாள்.

வேலையில் சேர்வதற்கான ஃபாரத்தை அவர் மடியில் வைத்தாள். அது இங்கிலீஷில் இருந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை எழுத ஆரம்பித்தது. பெயர், வயது, முகவரி எல்லாம் ஓடியது. 'கணவர் தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"ஏங்க, 'ஹவுஸ் ஒயிஃப்'புக்கு ஆம்பளைன்னா இங்கிலீசுல என்ன வரும்?"