கொல்லர் போன துக்கம்

"என்ன சார், கண்ணெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு?" என்று கேட்டாள் கிளார்க் பெண்.

பரிசோதகர் கைக்குட்டையை அவசரமாகப் பைக்குள் திணித்தார். தூசி என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் வாயைத் திறந்ததும் "வேண்டப்பட்டவர் ஒருத்தர் தவறிட்டாரும்மா" என்று வந்துவிட்டது.

அதில் பொய்யே இல்லை. ஆபீசுக்குக் கிளம்புமுன் கொஞ்ச நேரம் மட்டும் என்றுதான் வீடியோ கேமில் உட்கார்ந்தார். அதில் கூடவே வரும் ஒற்றைக்கைக் கொல்லர், இவரைப் பாலத்தைத் தாண்டவிட்டுத் தான் மட்டும் நின்று எதிரிகளைத் தடுத்தார். கடைசியில் பாலத்தோடு ஆற்றில் விழுந்தார். அப்போது ஆரம்பித்த அழுகை பஸ்ஸிலும் நிற்கவில்லை.

மச்சினன் வெளியூர் போகும்போது விட்டுவிட்டுப் போன, டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி அது. தூசி தட்டி வைக்கலாம் என்று எடுத்தவர் மாட்டிக்கொண்டார். ஒன்றும் தெரியாதவர்களுக்கென்றே அதில் 'கதை போதும்' என்று ஒரு நிலை. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் எதிரி விழுவான். வழி தவறினால் ஒரு மின்மினி வந்து கூட்டிப்போகும். நாமே விழுந்தாலும் யாரும் திட்டமாட்டார்கள், விழுந்த இடத்திலேயே எழுப்பி நிறுத்துவார்கள். ஐம்பதை நெருங்குகிற மனிதருக்கு இந்த மரியாதை வேறு எங்கே கிடைக்கும்?

ஆனால் வெளியே சொல்ல முடியாது. சாப்பாட்டு வேளையில் போனில் விளையாடினாள் என்று இதே கிளார்க் பெண்ணை, "பொம்மை விளையாட்டு கேக்குதா இந்த வயசுல?" என்று போன வாரம் எல்லோர் முன்னாலும் விளாசியவர் அவர்தான். அவள்தான் இப்போது தண்ணீர் டம்ளரோடு நின்றாள்.

"யாரு சார்?"

"பெரியப்பா முறை."

"அப்பா வழியா, அம்மா வழியா?"

அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவு. பணம் கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா பொய்யா என்று துருவிப் பார்ப்பதுதான் பரிசோதகர் வேலை. யார் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வியைக் கேள் என்று அவளுக்குப் பழக்கிவிட்டவரும் அவரேதான்.

"தூரத்துச் சொந்தம். கொல்லர் பட்டறை வச்சிருந்தாரு."

"எப்படி சார் ஆச்சு?"

"பாலம் இடிஞ்சு ஆத்துல விழுந்துட்டாரு. ஒரு கைதான்மா அவருக்கு. அந்த ஒத்தக் கையால என்னைக் காப்பாத்தி விட்டுட்டு..." கைக்குட்டை மறுபடி வெளியே வந்தது.

பொய் சொல்கிறவன்தான் விவரத்தை அள்ளிக் கொட்டுவான் என்று பயிற்சி வகுப்பில் எழுதிப்போட்டவர் அவர். நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் விஷயம் மேனேஜர் மேடம் வரை போய்விட்டது. மேடம் சிரித்து அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை.

"ஒத்தக் கையா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"கொல்லரு?"

"ஆ... ஆமா மேடம்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்குப் போங்க."

மாட்டிக்கொண்டோம் என்றே அவர் நினைத்தார்.

"ஃபைலை எல்லாம் நான் முடிச்சுடறேன் சார்" என்றாள் கிளார்க் பெண். "அக்கா குழந்தையைப் பாக்க நாளைக்கு ஊருக்குப் போறதா இருந்தேன். அது கெடக்கு, அப்புறம் போய்க்கலாம்."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "வேணாம்மா, நானே இருந்து முடிச்சுடறேன்" என்றார். இந்த நிலைமையிலும் வேலையா என்று ஆபீசே உருகியது. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கே வந்து துக்கம் விசாரிப்பதாக முடிவானது. "வேணாம், என் வீட்டுக்காரி ரொம்ப ஒடிஞ்சு போயிருக்கா" என்று தடுத்துப் பார்த்தார். அப்படியென்றால் கட்டாயம் வரவேண்டும் என்றார்கள்.

மனைவிக்குப் போன் போட்டார். "ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. பெரியப்பா தவறிட்டாருன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் சோகமா இரு."

"உங்களுக்கு ஏது பெரியப்பா?"

"கொல்லரு."

"யாரு, டிவியில சுத்தியலோட சுத்துவானே, அவனா? அதுக்கா காலையில சாப்பிடாம போனீங்க?"

சாயங்காலம் அவருடைய மாடி வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அடக்க முடியாத சிரிப்பில் தோள் குலுங்கியது. "அழாதீங்கக்கா" என்று அவளைக் கட்டிக்கொண்ட கிளார்க் பெண் தானும் அழ ஆரம்பித்தாள். அந்தக் கண்ணீர் நிஜம். அவர் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனார். எத்தனை பேரை எதிரில் உட்காரவைத்து, சாவை நிரூபி என்று கேட்டிருக்கிறோம்! மானம் போனாலும் போகட்டும் என்று எழுந்தார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்லவேணாம்" என்று மேடம் குறுக்கிட்டார். "எல்லாரும் கீழ போய் நில்லுங்க. ஏம்மா, நீ நாளைக்கு ஊருக்குப் போ. ஃபைலை நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். மனைவி சிரிப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். பரிசோதகர் தலையைக் குனிந்தபடியே நின்றார்.

"மேடம், நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி..."

மேடம் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அழாதீங்க சார், கொல்லர் சாகல, கடைசி அத்தியாயத்துல படகுல வந்து எறங்குவாரு, அது தெரியாம நான்தான் எங்க சித்தியைச் சாகடிச்சு மூணு நாள் லீவு போட்டுட்டேன்."