போத்தலைச் சுற்றி வெள்ளை

போத்தலுக்குள்ளே இளங்கோ நின்றுகொண்டிருந்தான். தொந்தி முன்னால், தலை எங்கேயோ பின்னால், கால் இரண்டும் குச்சி குச்சியாய். நெல்லி ரசப் போத்தலைப் படம் எடுத்தால் நெல்லி ரசம் தெரிய வேண்டும். காலையிலிருந்து இவன் எடுத்த நாற்பத்திரண்டு படங்களிலும் ரசம் கொஞ்சம், இளங்கோ மிச்சம்.

“சனியன் பிடிச்ச கண்ணாடி!” என்று போத்தலைத் திட்டினான். அதற்குள்ளிருந்த இளங்கோவும் வாயை அகலமாகத் திறந்து இவனைத் திட்டினான்.

மணி ஒன்பது. பன்னிரண்டு மணிக்குள் ஆறு போத்தல் படங்களும் பேராதனை கமலாசனி அக்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். நெல்லி, விளாம்பழம், தோடம்பழம் என்று ஆறு வகைப் பழரசம் போட்டு விற்கிற அம்மா அவர். “வடிவா வந்தா வருசம் முழுக்க உங்களிட்டதான் தருவன் தம்பி. சரிவராட்டி டவுன் ஸ்டூடியோக்காரரிட்டக் குடுத்திடுவன்” என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். “உங்கட ஸ்டூடியோ எங்க?” என்று கேட்டதற்கு, “கட்டுகஸ்தோட்டைதான், பெரிய இடம்” என்று இளங்கோ வாய் கூசாமல் சொல்லியிருந்தான். பெரிய இடம் என்பது வீட்டு முன்ஹோல். சாப்பாட்டு மேசை, இரண்டு மேசை லைட், பழைய கெமரா ஒன்று. அவ்வளவுதான்.

இந்த ஓர்டர் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் இன்சூரன்ஸ் கம்பனியில் அவன் இருந்த பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். அது மனைவி கலாராணிக்கு மட்டும் தெரியும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, ஒழுங்கைக்கே தெரியாது, தெரியவும் விடமாட்டான். தினமும் காலை ஏழரைக்கு டை கட்டி, சப்பாத்துப் போட்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு ஒழுங்கையில் இறங்குவான். முனை திரும்பியதும் ஓடைக்கரையால் சுற்றி வந்து, பின்மதிலேறிச் சொந்த வீட்டுக்குள் திருடனாகக் குதிப்பான். ஒருநாள் மதிலில் கால்சட்டை கிழிந்துகூடப் போயிற்று. மானம் கிழியவில்லையே என்று அதையும் தைத்துப் போட்டுக்கொண்டான்.

இன்றைக்கு அதற்கும் வழியில்லை. ஹேவாஹெட்டையிலிருந்து மாமனார் முத்துலிங்கம் டொக்டரிடம் கண் காட்ட வந்து, உள்ளறையில் தலைவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அவரிடம் லீவு என்று சொல்லியிருக்கிறான். கலாராணி பள்ளிக்கூடத்துக்குப் போகும்வரை அவளிடம், “வெள்ளை பத்தல, வெளிச்சம் பத்தல” என்று புலம்பியிருந்தான். அவள் போனைக் கைப்பையில் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதலில் தன்னை மறைக்க வேண்டும். கறுப்புக் கம்பளியில் ஓட்டை போட்டு, கெமராவின் கண்ணை மட்டும் வெளியே விட்டுத் தலையோடு போர்த்திக்கொண்டான். இப்போது போத்தலில் இளங்கோ இல்லை. கரடி இருந்தது.

கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டு, மேசையை ஜன்னலுக்குப் பக்கம் இழுத்தான். ஜன்னல் கம்பி முழுக்கப் போத்தலில் விழுந்தது. நெல்லி ரசம் ஜெயிலில் இருப்பதுபோல இருந்தது.

“கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணி கட்டினா சரி” என்று அவனுக்கு மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். வெளியே போய் ஜன்னல் இரண்டிலும் பெட்ஷீட் கட்டினான். வெளிச்சம் கொஞ்சம் பூத்தது, போதவில்லை. கேட்டிலிருந்து ஜம்பு மரம்வரை கயிறு இழுத்து மாமனாரின் மூன்று வெள்ளை வேட்டிகளையும் தொங்கவிட்டான். காற்றில் அவை படபடத்தன.

ஒழுங்கையில் போன திருச்செல்வம் கேட்டடியில் நின்றார். ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்துக்குப் பதினோரு வருடத் தலைவர். யார் வீட்டில் சாவு என்றாலும் வெள்ளைக் கொடி கட்டுவதிலிருந்து கதிரை அடுக்குவதுவரை அவர் கைதான்.

“என்னா தம்பி, இன்னிக்கு வீட்டுலயா? வெள்ளையெல்லாம் கட்டியிருக்கு?”

இளங்கோ கையிலிருந்த மிச்சக் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “இல்லண்ணே... மாமா வந்திருக்காரு. அவருக்குக் கொஞ்சம் சுகமில்ல. அதான் லீவு...” என்று இழுத்துத் தலையைக் குனிந்தான்.

திருச்செல்வம் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். வேட்டிகளைப் பார்த்தார். “சரி சரி. ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. எங்களுக்குத் தெரியாதா? நாங்க இருக்கோம்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

தப்பித்தேன் என்று இளங்கோ உள்ளே போனான்.

அரை மணி நேரம் கழித்துக் கேட் கிரீச்சிட்டது. இளங்கோ எட்டிப் பார்த்தான். முன்னால் திருச்செல்வம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சங்கத்து வெள்ளைத் துணி மூட்டை. பக்கத்தில் ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் நவரட்ணராஜா, அவரும் வெள்ளை. பின்னால் மேல்வீட்டு றம்லத் ராத்தா, தலைமுதல் கால்வரை வெள்ளை. இன்னும் ஆறேழு பேர். எல்லோரும் வெள்ளை. வெள்ளை உடுத்திப் பன்சலைக்குப் போக இன்று பௌர்ணமிப் போயாவும் இல்லை. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

‘ஐயோ, மாமாவைச் சாகடிச்சிட்டேனே!’

அப்போதே சொல்லியிருக்கலாம். “யாரும் சாகலீங்க, நான் போத்தல் படம் எடுக்கிறேன்” என்று ஒரு வரி. சொன்னால், வேலைநாளில் நீ ஏன் வீட்டில் போத்தல் படம் எடுக்கிறாய் என்று கேட்பார்கள். அந்த நூலைப் பிடித்தால் டை, சப்பாத்து, பின்மதில் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். திறந்த வாயை மூடிக்கொண்டான். முதல் வேலையாக ஓடிப்போய் உள்ளறைக் கதவை வெளிப்பக்கம் கொண்டி போட்டான். பிணம் எழும்பி வந்து டீ கேட்டால் என்ன செய்வது!

திருச்செல்வம் அவன் தோளைப் பிடித்தார். “மனச விட்றாதீங்க தம்பி. இந்த மாதிரி நேரம் எல்லாருக்கும் வரும்.”

“ஓம் தம்பி” என்றார் நவரட்ணராஜா மெல்லிய குரலில். “எங்களை எங்க நிக்கச் சொல்லுறியள்?”

ஹோல் சின்னது. மேசையைச் சுற்றி நிற்பதைத் தவிர வேறு இடமில்லை. சுற்றி நின்றார்கள். இளங்கோ என்ன செய்வதென்று தெரியாமல் கெமராவைப் பிடித்தான், பிடித்த பழக்கத்தில் கண்ணையும் வைத்தான்.

வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை.

போத்தலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு, கையால் வரைந்தது மாதிரி இறங்கியிருந்தது. இளங்கோ இல்லை, கம்பி இல்லை, கரடி இல்லை. நடுவில் நெல்லி ரசம் தங்கமாக ஜொலித்தது. வலப்பக்கக் கோடு நவரட்ணராஜாவின் வேட்டி. இடப்பக்கக் கோடு றம்லத் ராத்தா.

“அப்படியே... கொஞ்சம் நில்லுங்க” என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

நின்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்தவன் என்று நினைத்திருப்பார்கள், பாவம் என்று அடங்கிப் போகிறார்கள் என்று இளங்கோ நினைத்தான். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவன் தானே வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டுத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு படம் போதும், அத்தோடு உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நினைத்து எடுத்து அனுப்பினான். அடுத்த நிமிடமே கமலாசனி அக்காவின் பதில் வந்தது: ‘சோக்கா இருக்கு தம்பி! மிச்சம் அஞ்சையும் உடன அனுப்புங்கோ!’

வருடம் முழுக்க வேலை. இன்னும் ஐந்தே ஐந்து போத்தல். இளங்கோவுக்குள் இருந்த நல்லவன் அங்கேயே விழுந்துவிட்டான்.

“ராத்தா, நீங்க... இன்னும் கொஞ்சம் கிட்ட வரலாமா?”

றம்லத் ராத்தா ஓரடி கிட்ட வந்து நின்றார்.

“திருச்செல்வம் அண்ணே, அந்தத் துணியக் கொஞ்சம் ஒசத்துங்க.”

பிணத்துக்கு மேல் கட்டுகிற துணியைத் திருச்செல்வம் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. கை நடுங்கியது, இறக்கவில்லை. விளாம்பழம் முடிந்தது, தோடம்பழம் முடிந்தது. ஒவ்வொரு போத்தலும் முந்தியதைவிட அழகாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் இளங்கோவின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. வீட்டுக்குள் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இவர்களை டீ குடிக்கக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு வந்த மனிதர்களைச் சுவராகவும் திரையாகவும் நிறுத்தி வைத்திருக்கிறான். நானெல்லாம் மனுசனா என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஆறாவது போத்தலை மேசையில் வைத்தான்.

பொத்தானை அழுத்திய அதே நொடியில் உள்ளறைக் கதவு டமடமவென்று அதிர்ந்தது.

“மாப்பிள்ள! கதவு பூட்டிக் கெடக்கு! தொறங்க மாப்பிள்ள, கக்கூசுக்குப் போகணும்!”

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். பிறகு இளங்கோவைப் பார்த்தார்கள்.

முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு. இளங்கோ அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். “என்னை மன்னிச்சிருங்க! மாமா சாகல! யாரும் சாகல! எனக்கு வேல போயிருச்சு, ரெண்டு மாசமாச்சு. டை கட்டிட்டுப் போறதெல்லாம் பொய்யி, முனையில திரும்பிப் பின்மதிலேறி வந்துருவேன். இந்தப் போத்தல் படத்துக்காகத்தான் வெள்ளை கட்டினேன். நீங்க சாவு வீடுன்னு நெனச்சு வந்தீங்க, நான் வாயத் தொறக்காம உங்க துக்கத்த வச்சே படம் எடுத்துட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்!” என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

நவரட்ணராஜா போய்க் கொண்டியைத் தள்ளினார். மாமனார் சாரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் விலக்கிப் பின்பக்கம் ஓடினார். திருச்செல்வம் உயர்த்திய துணியை மெதுவாக இறக்கினார். ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள்.

றம்லத் ராத்தாதான் வாயைத் திறந்தார்.

“மவுத்தா? யாரு தம்பி மவுத்தானது? உங்கட கலாராணி டீச்சர்தானே காலையில வீட்டுக்கு வீடு போன் கோல் எடுத்து, ‘அவருக்கு வேல போய் ரெண்டு மாசம், போத்தல் படத்துக்கு வெள்ள பத்தாமத் தவிக்கிறாரு, செத்தாலும் வாய்விட்டுக் கேக்கமாட்டாரு, தயவு செஞ்சு எல்லாரும் வெள்ள உடுத்துக்கிட்டுப் போய்ச் சுத்தி நில்லுங்க, சிரிச்சி மட்டும் வெச்சிராதீங்க’ண்டு சொன்னா!”