கை ஆட்டாத பெல்ட்டு

நெய்வேலியில் சும்மா நிற்பதையே ஒரு வேலையாகச் செய்து அதில் உச்சம் தொட்டவர், நாங்கள் ‘பெல்ட்டு’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் தொழிலாளி ஒருவர்தான். சுரங்கத்திலிருந்து கரியை ஏற்றிக்கொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ஓரமாகக் கண்ணை மூடி நிற்பார். ஒருமுறை காக்கை ஒன்று அவர் ஹெல்மெட்டில் உட்கார்ந்து, கூடு கட்டலாமா என்று யோசித்துவிட்டுப் போனதாக ஃபிட்டர்கள் சத்தியம் செய்வார்கள்.

பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். பெல்ட்டுக்கு அடியில் சுழலும் ஆயிரக்கணக்கான ரோலர்களில் எது கெடப்போகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடித்து, சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார்; ஃபிட்டர்கள் வந்து அதை மாற்றுவார்கள். ரோலர் சிக்கினால் சூடேறும். சூடேறினால் கரித்தூள் பற்றிக்கொள்ளும். அதற்குத்தான் அத்தனை நேரம் நிற்பது.

போன வருஷம் வெளியூர் கம்பெனி ஒன்று வந்து, ஊழியர்களின் நடத்தையை ஆராயப்போவதாகச் சொல்லி, ஆளுக்கொரு பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டது. யார் எவ்வளவு நடக்கிறார், எவ்வளவு பேசுகிறார் என்று அது குறித்துக்கொள்ளுமாம். எங்கள் ஆட்கள் இரண்டே நாளில் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். டீ குடிக்கும்போதுகூடப் பட்டை கட்டிய கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் செக்‌ஷனே யாரையோ ரயிலேற்றி வழியனுப்புவது போலிருக்கும்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. செக்‌ஷன் ஆபீசராகிய நான், கேன்டீன் கேன்டீனாகப் போய் என் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசியதைத் தவிர ஒன்றும் செய்யாதவன், ‘மிகச் சிறந்த ஒருங்கிணைப்பாளர்’. பெல்ட்டு ‘செயலற்றவர், உறங்கியிருக்கலாம்’. அதைப் பார்த்த கான்ட்ராக்டர், கேட் பாஸ் புதுப்பிக்கும் பட்டியலிலிருந்து பெல்ட்டின் பெயரை அடித்துவிட்டார். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதன் என்ன மின்விசிறியா, சுற்றினால்தான் வேலை செய்கிறான் என்று சொல்ல? ஆனால் கையில் கிடைத்தவர் பெல்ட்டுதான் என்பதால் கோபத்தை முதலில் அவர் மேலேயே காட்டினேன்.

“எல்லாரையும் போல நீங்களும் கைய ஆட்டித் தொலைக்க வேண்டியதுதானே?”

“ஆட்டிப் பாத்தேங்க சார். கை ஆடுனா காது அது பின்னாலயே பூடுது. ரெண்டு ரோலர வுட்டுட்டேன். அன்னியோட நிறுத்திகினேன். நான் தூங்கிகினு இல்லீங்க, கேட்டுகினு இருந்தேன்.”

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஆபீசர் தன் சொந்தப் பொறுப்பில் எழுதிக் கொடுத்தால் பெயரைச் சேர்த்துக்கொள்வதாக அவர் சாவதானமாகச் சொன்னார். குண்டூசி வாங்கவே மேலே இரண்டு பேரிடம் ஒப்புதல் கேட்கிற ஆள் நான். இருந்த ஆத்திரத்தில், ‘இவர் அசையாமல் நிற்பதால்தான் இந்த பெல்ட் ஓடுகிறது, அறிக்கை தவறு’ என்று எழுதிக் கையெழுத்தையும் போட்டுவிட்டேன்.

பெல்ட்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். “இதுக்காவ உங்கள மேல கூப்புட்டுக் கேப்பாங்களா சார்?”

“கேப்பாங்க.”

“அன்னிக்கி எனக்கும் சொல்லுங்க.”

கேட்டார்கள். நான் தலைமை அலுவலகத்தில் விளக்கம் சொல்லி முடிக்கும்வரை, டவுன்ஷிப் வெயிலில் ஜன்னலுக்கு வெளியே பெல்ட்டு கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே எனக்குப் பயமே வரவில்லை.