கண்டிசன் படித்த ஒப்பந்தம்

அன்பு, ரம்யா, ரெண்டு பேரும் கேளுங்கள். அச்சடித்த எழுத்து எதையும் பாக்கி வைக்காமல் படித்த மனுஷன் உலகத்திலேயே ஒருவன்தான். எண்ணூர் லாரி எடைமேடையில் என்னோடு வேலை பார்த்த கண்டிசன். அவனுக்கு வைத்த பேர் எங்களுக்கே மறந்துபோச்சு.

பிஸ்கட் பொட்டலத்தை அவன் படித்துப் பிரிப்பதற்குள் டீ ஆறிவிடும். பதிவுத் திருமணத்துக்குப் போன இடத்தில், மாலையும் கழுத்துமாகப் படிவத்தை முக்கால் மணி நேரம் படித்தான். பொண்ணு கேட்டதாம்: "இன்னாய்யா, கண்டிசனெல்லாம் புட்ச்சிகீதா? இல்ல நான் வூட்டுக்குப் போவட்டா?" அன்றைக்கு ஒட்டிய பேர்.

காலையில் கழிமுகத்திலிருந்து பனி வந்து எங்கள் மேடையை மூடும். அதற்குள்ளிருந்து லாரி ஒன்று கனவில் வருவதுபோல மிதந்து வந்து ஏறும். சிவப்பு எண்கள் மீன்குஞ்சாய்த் துள்ளி மெல்ல அடங்கும். அதுவரை கண்டிசன் மூச்சுகூட விடமாட்டான். பிறகுதான் கம்ப்யூட்டரில் எடையைத் தட்டுவான்.

அப்படி ஒரு காலையில் சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். முதலாளியம்மாவிடம், "மேடம், உங்க பழைய சாப்ட்வேருக்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. லைசென்ஸும் முடிஞ்ச மாதிரிதான். புதுசுல வருஷா வருஷம் புதுப்பிச்சா போதும். கேமராவே எடையைப் பதிஞ்சுக்கும், ஆளே வேணாம்" என்றார்.

ஆள் என்றால் கண்டிசன். அவன் வெளியே பனிக்குள் நின்று லாரிக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, அவர் நீட்டிய புது ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளியம்மா பேனாவைத் திறக்கும்போது கண்டிசன் உள்ளே வந்தான். "ஒரு நிமிட்டு மா." பீரோவிலிருந்து பழைய ஒப்பந்தத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தான். தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. வந்தவருக்கே கண் சொக்கியது.

"தோ பாரு மா. சப்போர்ட்டு ஒரு வருசம், அது தனி. லைசென்சு தனி, அதுக்கு முடியிற தேதியே போடல. இனிமே ரிப்பேருக்கு வரமாட்டான், புச்சா எதுவும் தரமாட்டான். ஆனா வாங்கனத நாம காலத்துக்கும் ஓட்டலாம்."

"அப்ப யாராலும் பிடுங்க முடியாதா?"

"முடியும் மா. இந்த ஒரு கம்ப்யூட்டர்லதான் ஓட்டணும், காப்பி எட்த்து வேற யாருக்கும் குட்க்கக் கூடாது. மீறுனா புடுங்கிக்கலாம். நாம எங்க மீறனோம்?"

பிறகு புதுசைப் புரட்டினான். "எட்டாம் பக்கம். இதுல கையெழுத்து போட்டா பழசு செல்லாதாம். இன்னா சார், இத்த சொல்லவே இல்ல?"

"அதெல்லாம் யாரும் படிக்கறதில்ல சார்."

"நாந்தான் வெட்டியா கீறேனே."

அம்மா பேனாவை மூடினார். வெளியே ஹாரன் அடித்தது. "கடசி பக்கம் பாக்கி கீது. எட்த்து வை நைனா, வந்து படிக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டான். வந்தவரும் போனார். அம்மா சாப்பிடப் போனார்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தைப் பார்த்தால் அவன் என்னைத் திட்டமாட்டான். அதுதான் எனக்குத் தாங்காது. அந்த ஓரத்தை மட்டும் கிழித்து, வாயில் போட்டு, மென்று விழுங்கினேன்.