பவளத்தின் கழுத்துக்கு டீவியேஷன்

ஓசூர் சிப்காட்டில் பம்ப் வார்ப்புகள் செய்கிற அந்தக் கம்பெனியில் எந்தப் பொருளும் பவளத்தின் கையைத் தாண்டாமல் வெளியே போகாது. பாகலூரிலிருந்து பஸ்ஸில் வரும் பவளம் அங்கே பதினோரு வருஷமாக ஃபைனல் இன்ஸ்பெக்டர். வார்ப்பின் மேல் ஒரு சின்ன மேடு தெரிந்தால் போதும், ஜெல்லைத் தடவி, அல்ட்ராசவுண்ட் மெஷினை வைத்து உள்ளே பார்ப்பாள். அதுவரை அதில் ரெட் டேக் தொங்கும். ரெட் டேக் தொங்கும் எதையும் உள்ளே பார்க்காமல் நகர்த்தக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். முதலாளியே வந்து நின்றாலும் நகராது.

இப்பேர்ப்பட்ட பவளத்தின் கழுத்திலேயே ஒரு மேடு கிளம்பியது. கண்டுபிடித்தவள் பக்கத்து மேஜை ருக்ஸார்.

"அக்கா, டீ குடிக்கறப்போ உங்க தொண்டையில ஒண்ணு மேல போயிட்டு கீழ வருது."

"டீயா இருக்கும்."

"டீ கீழ மட்டும்தான் போவும். இது தைராய்டு கட்டி மாதிரி இருக்கு. போயி காட்டுங்க."

பவளம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பெண் பிளஸ் டூ படிக்கிறாள். இந்த நேரத்தில் புற்றுநோய் என்று ஏதாவது வந்து நின்றால் என்ன செய்வது? போய்க் காட்ட லீவு வேண்டும். லீவு வேண்டுமென்றால் ஆப் வேண்டும். அந்த வருஷம் சிப்காட் முழுக்க ஆரோக்கியப் பைத்தியம் பிடித்திருந்தது. பக்கத்துக் கம்பெனி யோகா தினம் கொண்டாடியது என்று இவர்கள் யோகா வாரம் கொண்டாடினார்கள். எச்.ஆர். பிரியதர்ஷினி மேடம் எல்லோர் போனிலும் ஓர் ஆரோக்கிய ஆப்பை ஏற்றிவிட்டு, அதைப் பார்த்தே எல்லோருக்கும் வைத்தியம் பார்த்தார்.

"வலி இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

"ரத்த டெஸ்ட்?"

"நம்ம கம்பெனி மெடிக்கல் கேம்ப்லயே எடுத்தாங்க. தைராய்டு நார்மல்னு வந்துச்சு."

ஆப் பச்சையாக ஒளிர்ந்து, வாழ்த்துகள் என்றது.

"பாருங்க, நீங்க பச்சை. பச்சையா இருக்கறவங்க ஆஸ்பத்திரிக்குப் போனா ஆப் தப்புன்னு ஆயிடும்ல? வலி வந்ததும் வாங்க, உடனே லீவு தரேன்."

"வலி இல்லாட்டியும், ரத்தம் நார்மலா இருந்தாலும் பாக்கணும்னு ருக்ஸார் சொல்றா மேடம்."

"ருக்ஸார் என்ன ஆப்பா?"

பவளம் கழுத்தை நீட்டிக் காட்டினாள்.

ஆனாலும் மேடம் கல்நெஞ்சக்காரி அல்ல. ஊழியர் உடல்நல மேம்பாட்டு உயர்மட்டக் குழுவை உடனே கூட்டினார். குழு என்றால் மேடம், புரொடக்‌ஷன் மேனேஜர் ராமப்பன், ஒரு தட்டு பிஸ்கட். ராமப்பன் கோபத்தைத் தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழுக்கு வருவார். அவர் வார்ப்பு அளக்கிற வெர்னியர் கருவியை எடுத்துக் கட்டியை அளந்தார். பதினெட்டு மில்லிமீட்டர்.

"டிராயிங்ல எவ்ளோ போட்டிருக்கு?"

"கழுத்துக்கு டிராயிங் இல்லீங்க சார்."

"டிராயிங்கே இல்லேன்னா அளவு தப்புன்னு எப்படிம்மா சொல்றது?"

குழு ஆழ்ந்து ஆலோசித்தது. பிஸ்கட் தீர்ந்ததும் டீவியேஷன் படிவம் எழுதப்பட்டது. சின்னக் குறையுள்ள வார்ப்பைப் பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்ளும்போது எழுதுவார்களே, அதே படிவம்தான். 'மேற்படி கழுத்தை உள்ளது உள்ளபடியே உபயோகித்துக்கொள்ள இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது.' கையெழுத்து, தேதி, முத்திரை.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், பவளத்துக்கு நிம்மதியாக இருந்தது. முத்திரை குத்தியாகிவிட்டது, இனி நோய்க்கு என்ன துணிச்சல் இருக்க முடியும்? படிவத்தை லேமினேட் செய்து பீரோவில் வைத்தாள். மூன்று மாதம் ஓடியது. கட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மார்ச் கடைசியில் ஓர் அவசர ஆர்டர். பவளம் நாற்பது வார்ப்புகளில் ரெட் டேக் மாட்டிவிட்டாள். ராமப்பன் தெலுங்கோடு வந்து, கன்னடத்துக்கு மாறி, கடைசியில் தமிழில் கெஞ்சினார்.

"பளபளன்னு இருக்கு, சின்ன மேடுதானே. பாஸ் பண்ணிடும்மா."

"வெளிய பாத்து எப்படிங்க சார் சொல்றது? உள்ள பாக்கணும்."

சொல்லிவிட்டுத் திரும்பினால் ருக்ஸார் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு ரெட் டேக்கை எடுத்து, பவளத்தின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிற்றில் கட்டினாள்.

சட்டம் சட்டம்தான். அரை மணி நேரத்தில் ராமப்பனே ஆஸ்பத்திரிக்குப் போக கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். ஆப் என்ன நிறத்தில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கழுத்தில் ஜெல்லைத் தடவி, மெஷினை வைத்து உள்ளே பார்த்தார். பிறகு, "இதை வச்சு மட்டும் முடிவு பண்ண வேணாம், ஊசியில கொஞ்சம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். தினமும் தான் செய்கிற வேலைதான் இது என்று பவளத்துக்குச் சிரிப்பு வந்தது. ரிப்போர்ட் வர அஞ்சு நாள் ஆனது, அதுவரை அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. புற்றுநோய் இல்லை, சொல்லும் தேதிக்கு வந்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார்கள். பவளம் வாசலில் நின்று அழுதாள். அழுது முடித்து இரண்டு பப்ஸ் தின்றாள்.

"பாத்தீங்களா, குழு சொன்னது சரியாப் போச்சு" என்றார் பிரியதர்ஷினி மேடம்.

"ஆமாங்க மேடம். பாக்காமலே சரியாப் போச்சு."

மேடம் திருப்தியாகத் தண்ணீர் குடித்தார். அவர் தொண்டையின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒன்று மேலே போய்க் கீழே வந்தது.

"மேடம், இன்னொரு மடக்கு குடிங்க."

குடித்தார். மறுபடியும் போய் வந்தது. மேடத்தின் ஒரு கை கழுத்துக்குப் போனது, மறு கை ஆப்பைத் திறந்தது. பச்சை.

"எனக்கு வலியே இல்லையே, பவளம்." பாவமாகத்தான் இருந்தது. பவளம் ஏப்ரனிலிருந்து ஒரு ரெட் டேக்கை எடுத்தாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷன் அறை வாசலில் அறுபது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ரெட் டேக் மாட்டினால் சம்பளத்தோடு லீவு என்ற செய்தி கேண்டீன்வரை போயிருந்தது. முதல் ஆள் ராமப்பன், காலர் பட்டனைக் கழற்றியபடி. பவளம் தடவிப் பார்த்தாள், தண்ணீர் குடிக்கச் சொல்லியும் பார்த்தாள்.

"உங்களுக்குக் கட்டியே இல்லீங்களே சார்."

"வெளிய பாத்து எப்படிம்மா சொல்றது?" என்றார் ராமப்பன், மிகப் பணிவான தமிழில். "உள்ள பாக்கணும்."