சடையனுக்காக நான் செய்த ஜெபம்

விரோதியை நேசிக்க வேண்டும்; அவனுக்காக ஜெபிக்க வேண்டும். பைபிள் சொல்லும் விதி இவ்வளவுதான். படிவம் கிடையாது, கெடு கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. ஆயுள் முழுக்க ஆபீஸ் உத்தரவுகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்: இதைவிடத் தெளிவான உத்தரவை நான் படித்ததில்லை. இதைவிட முறையாக எதையும் மீறியதும் இல்லை.

இரண்டாம் யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன்பு, எனக்கு இருபத்திரண்டு வயது. கொல்லிமலையில் குண்டூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மிஷன் பள்ளி வாத்தியார் நான். ஞாயிறு ஜெபம் நடத்துபவனும் நான்தான். (சபை என்பது நானும் இரண்டு குடும்பங்களும்.) பக்கத்து நிலம் சடையனுடையது. அவர் எருமைகள் பள்ளி முற்றத்துக்குள் வந்ததால் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தேன், மூன்று பிரதிகளில். படிக்கத் தெரியாத மனிதருக்கு மூன்று பிரதி! அவர் பதிலை ஒரே பிரதியில் முடித்தார்: ஊற்றுக்குப் போகும் தடத்தை முள்ளைப் போட்டு அடைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு குடம் தண்ணீருக்கு நான் பாதி மலையைச் சுற்றினேன்.

"பாத்துப் போங்க வாத்தியாரே! வழுக்கி உழுந்தா அதுக்கும் மூணு காயிதம் எழுதோணும்" என்று வரப்பிலிருந்து சிரிப்பார்.

அப்போதுதான் எனக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் அவருக்காக ஜெபித்தேன், உரக்க. (கர்த்தருக்குக் காது கேட்கும் என்று தெரியும். சடையனுக்கும் கேட்க வேண்டுமே.) என் நேசத்தின் அளவைப் பார்த்து எனக்கே மெய்சிலிர்த்தது.

பதினோராம் நாள், வைகாசிக் கடைசியில், சடையன் என் வாசலில் வந்து நின்றார். தலைத்துண்டு கையில் இருந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, பிராதை எடுத்துக்கோங்க. ஊட்டுக்காரி மூணு நாளாக் காச்சல்ல கெடக்கறா. கண்ணே தொறக்கல."

மலையில் ஒரு வழக்கம் உண்டு. தீங்கு செய்தவன் பெயரைச் சாமியிடம் சொல்லிப் பிராது வைப்பார்கள். வைத்தவனே எடுத்தாலொழிய அது அந்தக் குடும்பத்தை விடாது.

"இது பிராது இல்லீங்க, ஜெபம். உங்களுக்கு நல்லதுதான் கேட்டேன்."

"என்ன நல்லது கேட்டீங்க? சொல்லுங்க, கேக்கறேன்."

சொன்னேன். "கர்த்தாவே, தண்ணீர்த் தடத்தை அடைத்த, எருமையைக் கட்டிவைக்காத, யார் சொல்லுக்கும் அடங்காத இந்தச் சடையனின் கல்நெஞ்சை நொறுக்கியருளும்..." பாதியிலேயே என் குரல் இறங்கிவிட்டது.

"இது பிராதுதானுங்களே, சாமி" என்றார். அவரிடம் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

அவர் சொன்னது சரி. தேதியும் நம்பரும்தான் பாக்கி.

"உங்க சம்சாரம் பேரு என்னங்க?" என்று கேட்டேன். அவரிடம் நான் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அதுவே முதல் முறை.

"நல்லம்மா."

வாசலிலேயே மண்டியிட்டேன். "கர்த்தாவே, நல்லம்மா பிழைக்கட்டும். சடையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை." முதல் வாக்கியம் உடனே வந்தது. இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் வந்தபோது பொய்யாக வரவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மிஷன் கொடுத்த, மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைகள் என்னிடம் இருந்தன. வெளியாருக்குக் கொடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கோரி ஒரு கடிதம் எழுதி அடிவாரத்துச் சேந்தமங்கலத்துத் தபாலுக்கு அனுப்பினேன். அனுப்பிய கையோடு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு (ஐயோ, விதி!) சடையன் வீட்டுக்குக் கிளம்பினேன். குறுக்கு வழி அந்தத் தடம்தான். சடையன் முன்னால் ஓடி, முள்ளை வெறுங்கையால் இழுத்து எறிந்தார்.

மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. குணமானது மாத்திரையாலா, ஜெபத்தாலா என்று யார் கேட்டாலும், "அதான் பிராதை எடுத்துட்டாரல்லோ" என்பார் சடையன்.

இன்றும் சம்பந்திகளில் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி நான் கொஞ்சம் நீளமாக ஜெபித்தால், என் மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்பாள்: "இது ஜெபமா, பிராதா?"

என் உத்தியோக வாழ்வில் நான் பெருமைப்படும் காரியங்கள் சொற்பம். இது அவற்றில் முதலாவது. ஆதாரமாக மேலிடத்துப் பதிலை இன்னமும் வைத்திருக்கிறேன். "வெளியாருக்கு மருந்து வழங்க அனுமதியில்லை. நோயாளிக்காக ஜெபிக்கவும்." சந்தைக்கு இறங்கிய நல்லம்மாவே அதைத் தபாலாபீசில் வாங்கி, மடியில் முடிந்து, தலைச்சுமையோடு மலையேறி வந்து என் கையில் கொடுத்த அன்று, ஆடிப் பதினெட்டு.