ஹெல்மெட் நீக்கிய மூன்று ஆபத்துகள்

நடைவழியில் கிடந்த தடித்த கால்மிதியைச் சுருட்டி மூலையில் வீசிவிட்டு, ஹெல்மெட் தன் தாளில் எழுதினார்: "இடறும் ஆபத்து. நீக்கப்பட்டது."

வேலை பார்த்த கிடங்கை மூடி வேலை போன பிறகு, நாற்பத்தாறு வயதில் சமுதாயக் கல்லூரியில் தொழில் பாதுகாப்பு படிக்கச் சேர்ந்தவர். வகுப்பில் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டை வீட்டிலும் கழற்றுவதில்லை. அதனால் மகள் வைத்த பெயர் அது. கடைசித் தேர்வு, சொந்த வீட்டில் மூன்று ஆபத்துகளைக் கண்டுபிடித்து நீக்குவது. நான்கு மணிக்கு ஆசிரியரே வந்து பார்ப்பார். தேறினால் ஒரு தொழிற்சாலையில் வேலை நிச்சயம். தேறாவிட்டால் மறுபடி ஆறு மாதம் பெஞ்சுதான்.

"என்னங்க, அந்தக் கால்மிதி..." என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"வேலை நடக்குது. குறுக்கே பேசாதே."

இரண்டடி வைத்தார். கால்மிதி மூடியிருந்த பெயர்ந்த தரை ஓடு அவர் பெருவிரலைப் பதம் பார்த்தது.

நொண்டிக்கொண்டே போய், அலமாரியை ஒட்டி நின்ற நாற்காலியை நகர்த்தினார்.

"ஐயோ, அதையுமா?"

"வழியை மறிக்குது!"

தாழ்ப்பாள் இல்லாத அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே சாய்ந்திருந்த பாத்திரங்கள் ஹெல்மெட்டின் மேல் பொழிந்தன. தலை தப்பியதில் அவருக்குப் பெருமைதான்.

மூன்றாவது, பரண் விளிம்பில் கட்டியிருந்த பழைய தலையணை. "தீப்பிடிக்கும்," என்று அவிழ்த்தார். வியர்வையைத் துடைக்க ஒரே ஒரு நிமிடம் ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்த நிமிடம் பார்த்துப் பரண் நெற்றியில் ணங்கென்று இடித்தது.

ஆசிரியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஓட்டில் இடறினார். விழாமலிருக்க அலமாரிக் கதவைப் பிடித்தார். மிச்சப் பாத்திரங்களுக்குத் தப்பி ஒதுங்கியவரைப் பரண் வரவேற்றது.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" நெற்றியில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பன்னெண்டு வருஷம் சார்."

"எத்தனை தடவை அடிபட்டிருக்கு?"

"இன்னிக்குத்தான் முதல் தடவை."

ஆசிரியரின் பேனா தாளின் மேல் அப்படியே நின்றது. மனைவி கால்மிதியை விரித்தாள், அலமாரிக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்தாள், தலையணையைக் கட்டினாள்.

ஹெல்மெட் தன் தாளை மடித்தார். "சார், என்ன மார்க் போட்டாலும் சரி. இத்தனை வருஷமா ஒரு கீறல் இல்லாம நடமாடினது என் சாமர்த்தியம்னு நெனச்சேன். எல்லாம் இவ பார்த்துப் பார்த்து வச்சது." மனைவி பக்கம் திரும்பினார். "ரொம்ப நன்றிம்மா. இதை எப்பவோ சொல்லியிருக்கணும்."

"போதும், மொதல்ல விரலுக்கு மருந்து போடுங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரு பொருள் எதுக்கு இருக்குன்னு கேக்காம எடுக்கக் கூடாது. இதைத்தானே ஆறு மாசமா கத்துக்குடுத்தேன்! இப்பத்தான் புரிஞ்சுகிட்டீங்க," என்றபடி ஆசிரியர் 'தேர்ச்சி' என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. அவசரமாக எழுந்து கையை நீட்டினார்.

"அந்த ஹெல்மெட்டைக் கொஞ்சம் குடுங்க. எங்க வீட்டு மாடிப்படியில என் மனைவி எதுக்கோ வச்சிருந்த செங்கல்லை இன்னிக்குக் காலையிலதான் தூக்கிப் போட்டுட்டு வந்தேன்."